காகிதம் கையை விட்ட பிறகு: ஃபேக்ஸ், அன்றும் இன்றும்

1990-களின் தொடக்கத்தில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் ஃபேக்ஸ் அனுப்புவது ஓர் ஆள் கூடவே நின்று முடிக்கவேண்டிய வேலை. அளவுப் பட்டியல், விலைக் குறிப்பு, கழுத்து லேபிளின் வரைபடம் என்று நாலைந்து தாள்களோடு மெர்ச்சன்டைசர் இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்பார். ஐரோப்பாவில் இருக்கும் பையரின் எண்ணை அழுத்துவார். லைன் பிஸி. மறுபடி அழுத்துவார். மணி அடித்து, மறுமுனை இயந்திரம் கீச்சென்று குரல் கொடுத்ததும் ஸ்டார்ட் பொத்தானைத் தட்டுவார். அதன் பிறகுதான் முதல் தாள் மெல்ல உள்ளே நகரும். கடைசித் தாள் வெளியே வந்து விழும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. நடுவில் லைன் அறுந்துபோனால், எந்தத் தாள்வரை போனது என்று பார்த்து, மீதியை அடுக்கி, திரும்பவும் எண்ணை அழுத்தவேண்டும்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே மாதிரி அலுவலகத்தில், அதே நாலைந்து தாள்கள் அரை நிமிடத்துக்குள் இயந்திரத்தில் நுழைந்து வெளியே வந்துவிட்டன. திரையில் ஒரு வேலை எண் தெரியும். மெர்ச்சன்டைசர் தாள்களை ஃபைலில் சொருகிக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிடுவார். எண்ணை அழைப்பது, பிஸி என்றால் பொறுத்திருப்பது, திரும்ப அழைப்பது, போனதா இல்லையா என்று எழுதிவைப்பது எல்லாமே இயந்திரத்தின் பொறுப்பாகிவிட்டது.

இந்தப் பத்து ஆண்டுகளில் டெலிஃபோன் லைனில் ஒரு பக்கம் பயணம் செய்யும் நேரம் அப்படியொன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மாறியது, காத்திருப்பது யார் என்பதுதான். மனிதர் நின்ற இடத்தில் இயந்திரத்தின் நினைவகம் வந்து நின்றது. நமக்காக ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, நேரம் பார்த்து அனுப்பி, நடந்ததைக் கணக்குச் சொல்லும் கருவி நம் அலுவலக மேசைக்கு முதன்முதலில் இப்படித்தான் வந்து சேர்ந்தது. இன்று நம் செய்திகள் எல்லாமே இப்படி யாரோ பிடித்துவைத்து அனுப்புபவைதான். ஆகவே அந்தப் பழைய இயந்திரம் கற்றுத்தந்த ஒழுங்கை ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது அவசியம்.

பிடித்துவைக்க இடமில்லாத காலம்

தாளில் இருப்பதைக் கம்பி வழியே அனுப்பும் யோசனை டெலிஃபோனைவிடப் பழையது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1843-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1865-இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஜியோவான்னி கசெல்லியின் பான்டெலிகிராஃப் பொதுச் சேவையாகவே நடந்தது. அலுவலக மேசைக்கு வந்து சேர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. ஜெராக்ஸ் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த மேக்னாஃபேக்ஸ் டெலிகாப்பியர் ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. 1980-இல் 'குரூப் 3' என்ற பன்னாட்டுத் தரம் வந்தபோது அது ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு இறங்கியது. நம் ஊர் அலுவலகங்களிலும் எஸ்.டி.டி. பூத்துகளிலும் இருந்தவை பெரும்பாலும் இந்தக் குரூப் 3 இயந்திரங்கள்தான்.

எளிய குரூப் 3 இயந்திரத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்துவைக்க இடமே கிடையாது. இங்கே தாளை வரி வரியாக வாசிப்பது, வாசித்ததை லைனில் விடுவது, அங்கே அது தெர்மல் பேப்பரில் சூட்டினால் பதிவது ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் நடக்கவேண்டும். இரண்டு நாட்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று அடி பிசகாமல் நடந்தாகவேண்டும். அதனால் அனுப்பத் தொடங்கும் முன்பே வாங்கும் இயந்திரம், ஒரு வரியை அச்சடிக்க எனக்குக் குறைந்தது 20 மில்லிநொடி வேண்டும், 10 போதும், 5 போதும் என்று சொல்லிவிடும். இங்கிருந்து போகும் வரி அதைவிடச் சிறியதாக இருந்தால், அனுப்பும் இயந்திரம் வெற்றுப் பூஜ்யங்களைப் போட்டு அந்த நேரத்தை நிரப்பும். மறுமுனையின் அச்சுத் தலை மூச்சு வாங்குவதற்காக இந்த முனையில் இருப்பவர் டெலிஃபோன் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் இதன் பொருள்.

எஸ்.டி.டி. பூத்தில் அந்தக் கட்டணம் கண்முன்னால் ஓடும். சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும் மீட்டர், பெஞ்சில் காத்திருப்பவர்கள், கையில் விண்ணப்பத்தோடு நிற்கும் இளைஞர், ஊரில் நடந்த ஒரு காரியத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கும் குடும்பம் என்று வரிசை மனிதர்களால் ஆனதாக இருந்தது. ஒரு தாள் போய் முடிந்தால்தான் அடுத்தவர் முறை. அனுப்பும் வரிசையில் எத்தனை பேர், யார் முந்தி, யார் பிந்தி என்பதெல்லாம் பெஞ்சைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு வழக்கமும் அன்றைக்கு இருந்தது. பல அலுவலகங்களில் டெலிஃபோனுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன். ஆகவே அழைத்தவுடன் மறுமுனையில் ஒரு மனிதர்தான் எடுப்பார். "சார், ஒரு ஃபேக்ஸ் அனுப்பணும், டோன் குடுங்க" என்று கேட்கவேண்டும். அவர் எழுந்துபோய் ஸ்டார்ட்டை அழுத்துவார். அந்த ஒரு நொடியில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நேரடியாக ஒரு பேச்சு நடந்துவிடும். "எத்தனை பேஜ்?" "நாலு." "ரோல் தீரப்போகுது, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க." வாங்கும் இடத்தில் காகிதம் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்பது அனுப்பும் முன்பே தெரிந்துவிட்டது.

ஒரு பக்கம் நினைவகத்துக்குள் நுழையும் விதம்

நினைவகம் வந்த பிறகு வாசிப்பதும் அனுப்புவதும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிந்தன. தாள் உள்ளே போகும்போது அதன் படம் புள்ளிகளாக மாறும். குரூப் 3-இல் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள். சாதாரணத் தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள். ஏ4 தாள் ஒன்றில் ஏறத்தாழ 1140 வரிகள், ஆக 19 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. அப்படியே வைத்தால் ஒரு பக்கத்துக்கு 240 கிலோபைட் வேண்டும். நினைவகச் சில்லுகள் விலை உயர்ந்திருந்த காலத்தில் இது கட்டுப்படியாகாது.

அதனால் இயந்திரம் புள்ளிகளைச் சேமிப்பதில்லை, நீளங்களைச் சேமிக்கிறது. இத்தனை வெள்ளை, பிறகு இத்தனை கறுப்பு, மறுபடி இத்தனை வெள்ளை என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. அடிக்கடி வரும் நீளங்களுக்குச் சிறிய குறியீடு, அபூர்வமானவற்றுக்குப் பெரிய குறியீடு. ஒரு வரி முழுக்க எழுத்தே இல்லாமல் வெறுமையாக இருந்தால், அந்த 1728 வெள்ளைப் புள்ளிகளும் வெறும் 17 பிட்டுகளில் அடங்கிவிடும். கடிதத்தில் பெரும்பகுதி வெள்ளைதானே. ஆகவே ஒரு சாதாரணக் கடிதம் அதன் முழு அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும்.

ஆனால் எல்லாத் தாளும் கடிதம் அல்ல. துணியின் பிரிண்ட் டிசைனையோ, பாஸ்போர்ட் நகலில் இருக்கும் புகைப்படத்தையோ வைத்தால் கறுப்பும் வெள்ளையும் புள்ளிக்குப் புள்ளி மாறும். நீளங்கள் எல்லாம் ஒன்று, இரண்டு என்று குட்டையாகிவிடும். அப்போது சுருக்கம் சுருக்கமாகவே இருக்காது. ஃபைன் என்ற தெளிவுத்தரத்தைத் தேர்ந்தெடுத்தால் வரிகளின் எண்ணிக்கையும் இரட்டிப்பாகும். '100 பக்க நினைவகம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்த இயந்திரம், பத்தே பக்க டிசைன் தாள்களில் 'மெமரி ஃபுல்' என்று சொல்வதன் காரணம் இதுதான். அந்த 100 என்ற எண், ஒரு குறிப்பிட்ட சோதனைத் தாளை வைத்துச் சொல்லப்படுவது. பெரும்பாலும் அது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முதல் எண் சோதனைத் தாள்: 1972-ஆம் ஆண்டுத் தேதியிட்ட, தட்டச்சு செய்த ஓர் ஆங்கிலக் கடிதம். ஃபாக்சிமிலி எப்படி வேலை செய்கிறது என்பதையே அந்தக் கடிதம் விளக்குகிறது.

மெமரி ஃபுல் என்று வரும் நேரம்தான் மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம். பல இயந்திரங்கள் அப்போது இரண்டு வழிகளைக் கொடுக்கும். ஸ்டாப்பை அழுத்தினால் எல்லாம் ரத்து. ஸ்டார்ட்டை அழுத்தினால் இதுவரை வாசித்த பக்கங்கள் மட்டும் போகும். அவசரத்தில் ஸ்டார்ட்டை அழுத்திவிட்டால் பத்துப் பக்க ஒப்பந்தத்தில் ஆறு பக்கம் மட்டும் போய்ச் சேரும். கையெழுத்துப் பக்கம் கடைசியில் இருந்தால் அது இங்கேயே நின்றுவிடும். இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்த வேலை வெற்றி. இது தெரிந்த அலுவலகங்களில் நீளமான ஆவணங்களுக்கு நினைவகத்தை அணைத்துவிட்டு, பழையபடி நேரடியாகத் தாளைக் கொடுத்து அனுப்புவார்கள்.

இரவு முழுவதும் வேலை செய்யும் வரிசை

ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் மூடும் முன் ஐந்து ஆவணங்கள் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. மும்பை ஏஜென்ட்டுக்கு நாலு பக்கம். டெல்லியில் ஓர் அலுவலகத்துக்கு ஒரு பக்கம். மறுபடி மும்பை ஏஜென்ட்டுக்கு, மறந்துபோன இரண்டு பக்கம். நியூயார்க் பையருக்கு ஐந்து பக்கம். ஆறு சப்ளையர்களுக்கு ஒரே சுற்றறிக்கை. இயந்திரத்தில் இருப்பதோ ஒரே டெலிஃபோன் லைன்.

எஸ்.டி.டி. கட்டணம் இரவு பதினொன்றுக்கு மேல் கால்வாசியாக இறங்கும் காலம் அது. உள்நாட்டு வேலைகள் மூன்றுக்கும் பதினொன்று மணி என்று நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. நேரம் வந்ததும் இயந்திரம், மும்பைக்குப் போகவேண்டிய இரண்டு ஆவணங்களும் ஒரே எண்ணுக்கு, ஒரே நேரத்துக்கு என்று கவனித்து, அவற்றை ஒரே அழைப்பில் சேர்த்து அனுப்பும். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் இரு இயந்திரங்களும் தங்கள் திறனைச் சொல்லி, வேகத்தை ஒத்துக்கொண்டு, லைனைச் சோதித்துப் பார்க்கவே பல நொடிகள் போய்விடும். சேர்த்து அனுப்பினால் அதில் ஒரு முறை மிச்சம்.

அடுத்து டெல்லி. லைன் பிஸி. மனிதராக இருந்தால் இங்கே நின்றுவிடுவார். பின்னால் இருப்பவர்களும் அவரோடு நிற்பார்கள். இயந்திரம் அந்த வேலையைச் சில நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குள் நியூயார்க்கை அழைக்கும். அங்கே நண்பகல் தாண்டியிருக்கும்; அலுவலகம் திறந்திருக்கும். ஐந்து பக்கமும் போகும். பிறகு டெல்லியைத் திரும்ப அழைக்கும். இம்முறை மணி அடிக்கிறது. யாரோ எடுத்து "ஹலோ, ஹலோ" என்கிறார். இயந்திரம் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி கூவி மூன்று நொடி நிறுத்தி, மறுபடி கூவுகிறது. எடுத்தவருக்கு அது புரியவில்லை, வைத்துவிடுகிறார். குறித்த எண்ணிக்கை முயற்சிகள் தீர்ந்ததும் அந்த வேலை தோல்வி என்று எழுதப்படுகிறது. "டோன் குடுங்க" என்று கேட்க இயந்திரத்தால் முடியாது. இரவு வரிசை முழுமையாக வேலை செய்யவேண்டுமானால் மறுமுனையில் தானாக எடுக்கும் ஃபேக்ஸ் இருக்கவேண்டும். தனி லைன் வைத்து, ஆட்டோ ரிசீவ் போட்டு, ரோல் மாட்டிவைப்பது ஏற்றுமதி ஊர்களில் தொழில் ஒழுங்காகவே ஆனது இதனால்தான்.

கடைசியாகச் சுற்றறிக்கை. ஆறு எண்களுக்கு ஆறு தடவை வாசிக்கவேண்டியதில்லை. நினைவகத்தில் இருப்பது ஒரே படம். அதையே ஆறு முறை அனுப்புகிறது. ஆறும் முடிந்த பிறகுதான் படம் அழிக்கப்படும். ஐந்து போய் ஒன்று நிற்கிறது என்றால் அந்த ஒன்றுக்காக முழு ஆவணமும் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வரிசையை நாம் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது என்பது முக்கியம். மெனுவில் மீதமுள்ள வேலைகள் என்ற பகுதிக்குப் போனால், நிலுவையில் இருப்பவை வேலை எண்ணோடு வரும். தப்பான விலையைப் போட்டுவிட்டோம் என்று வீட்டுக்குக் கிளம்பும்போது நினைவு வந்தால், திரும்பிவந்து அந்த எண்ணைத் தேர்ந்து ரத்து செய்யலாம். அனுப்பப்படாத கடிதத்தைத் திரும்பப் பெறும் உரிமை எழுதியவரிடமே இருந்தது.

அந்தச் சிறு தாள்

காலையில் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ரிப்போர்ட்டைத்தான். தேதி, நேரம், அழைத்த எண், ஆன நேரம், பக்க எண்ணிக்கை, முடிவு. ஓ.கே., பிஸி, நோ ஆன்சர், கம்யூனிகேஷன் எரர் என்று ஒரே சொல்லில் தீர்ப்பு. நினைவகம் உள்ள இயந்திரங்களில் அதற்குக் கீழேயே, அனுப்பிய முதல் பக்கத்தின் படமும் பதிந்திருக்கும். நேரடியாக அனுப்பியவற்றுக்கு இந்தப் படம் வராது. பிடித்துவைக்காத ஒன்றை எப்படித் திரும்ப அச்சடிப்பது. ஏற்றுமதி அலுவலகங்களில் இந்த ரிப்போர்ட்டை மூல ஆவணத்தோடு பின் அடித்து ஃபைல் செய்வார்கள். தெர்மல் தாளாக இருந்தால் எழுத்து மங்கிப்போகும் என்று ஒரு நகலும் எடுத்துவைப்பார்கள்.

ஓ.கே. என்பது இயந்திரம் தானாகச் சொல்லிக்கொள்வது அல்ல. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அனுப்பும் இயந்திரம் கேட்டு நிற்கும். வாங்கும் இயந்திரம் சரியாக வந்தது என்று பதில் கொடுத்தால்தான் மேலே போகும். கடைசிப் பக்கத்துக்கும் அந்தப் பதில் வந்த பிறகே ஓ.கே. பிழைதிருத்த முறை உள்ள இயந்திரங்களில் பக்கம் சிறு துண்டுகளாகப் போகும். கெட்டுப்போன துண்டுகளை மட்டும் மறுமுனை திரும்பக் கேட்கும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறுமுனையின் வாக்குமூலம் இருந்தது.

அதனால்தான் சட்டமும் அதைப் பொருட்படுத்தியது. செக் திரும்பிய வழக்கு ஒன்றில் பெங்களூரைச் சேர்ந்த பட்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்று அமெரிக்க இறக்குமதியாளருக்கு நோட்டீஸை ஃபேக்ஸிலும் அனுப்பியது, பதிவுத் தபாலிலும் அனுப்பியது. எஸ்.ஐ.எல். இம்போர்ட் எதிர் எக்ஸிம் எய்ட்ஸ் என்று அறியப்படும் அந்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், ஃபேக்ஸில் அனுப்பிய நோட்டீஸ் செல்லும் என்று தீர்ப்பளித்தது. செல்லும் என்றால் காலக்கெடுவும் ஃபேக்ஸ் சேர்ந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தபாலை வைத்துக் கணக்கிட்டுத் தொடுத்த வழக்கு, அந்தக் கணக்கின்படி காலம் கடந்ததாகிவிட்டது. ஃபேக்ஸ் எப்போது சேர்ந்தது என்ற ஒரே விஷயம் ஒரு வழக்கின் விதியையே தீர்மானித்தது.

ஆனாலும் ஓ.கே. எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நினைவகம் வாங்கும் பக்கத்துக்கும் வந்த பிறகு, காகிதம் தீர்ந்துபோன இயந்திரமும் பக்கங்களை உள்ளே வாங்கிவைத்துக்கொண்டு ஓ.கே. சொல்லும். யாராவது தாள் போடும்வரை அது அச்சாகாது. இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கும் ஒரு மனிதர் கையில் எடுத்தார் என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டானது. 2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரும் மெஹபூபா முஃப்தியின் கடிதம் ஆளுநர் மாளிகை ஃபேக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவர் அதை ட்விட்டரில் வெளியிட்டார். அன்று மாலையே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. விடுமுறை நாளில் ஃபேக்ஸைக் கவனிக்க ஆள் இல்லை என்று ஆளுநர் சத்யபால் மாலிக் விளக்கம் சொன்னார். அரசியல் சரி தவறுகள் தனி. எவ்வளவு பெரிய செய்தியும், மறுமுனையில் அதை எடுத்துக்கொள்ள ஏற்பாடு இல்லையென்றால் நடுவழியில் நின்றுவிடும் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் காட்டியது.

வரிசை கணினிக்குள் போனது

1990-களிலேயே பெரிய அலுவலகங்கள் வரிசையைக் கணினிக்கு மாற்றத் தொடங்கின. சாம் லெஃப்ளர் என்ற மென்பொருளாளர் உருவாக்கிய ஹைலாஃபேக்ஸ் அவற்றில் முக்கியமானது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இன்றும் ஓடக்கூடியது. அதன் உள்ளமைப்பைப் பார்த்தால் ஃபேக்ஸ் வரிசையின் ஒழுங்கு துல்லியமாகத் தெரியும். அனுப்பவேண்டிய ஆவணங்களுக்கு ஒரு கோப்புறை. நிலுவையில் இருக்கும் வேலைகளுக்கு ஒன்று. முடிந்தவற்றுக்கு ஒன்று. வந்தவற்றுக்கு ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், ஒரு முன்னுரிமை, எத்தனை முறை முயலலாம் என்ற வரம்பு, எப்போதோடு கைவிடவேண்டும் என்ற கெடு.

நிலையைக் கேட்டால் அது வெறுமனே காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்பதில்லை. குறித்த நேரம் வரவில்லை என்பதால் காத்திருக்கிறதா, மோடம் காலியாக இல்லாததால் காத்திருக்கிறதா, அதே எண்ணுக்கு இன்னொரு வேலை இப்போது போய்க்கொண்டிருப்பதால் தடுக்கப்பட்டிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா, முடிந்ததா, தோற்றதா என்று ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துக் குறி உண்டு. வங்கியில் டோக்கன் எடுத்தவருக்கு எண் மட்டுமல்லாமல், எந்த கவுன்டரில் எதனால் தாமதம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுபோல. இத்தனை விவரத்தோடு காத்திருப்பைக் கணக்குச் சொல்லும் பொறுமை இன்றைய செயலிகள் பலவற்றில் இல்லை.

1998-இல் இரண்டு புதிய தரங்கள் வந்தன. டி.38, இணையத்தின் வழியே இரு இயந்திரங்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் முறை. டி.37, ஃபேக்ஸ் பக்கத்தைப் படக்கோப்பாக மின்னஞ்சலில் இணைத்து, சேமித்து அனுப்பும் முறை. டெலிஃபோன் லைனின் மறுமுனை இந்தக் கணம் தயாராக இருந்தாகவேண்டும் என்ற பழைய கட்டாயம் இரண்டாவது முறையில் முற்றிலும் விலகியது.

அன்று அழியுமோ என்ற அச்சம், இன்று அழியவில்லையே என்ற அச்சம்

பழைய இயந்திரங்களின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான். மின்வெட்டு பழகிப்போன நம் ஊர்களில் இரவு வரிசைக்கு இதுவே பெரிய எதிரி. பத்தரைக்குக் கரன்ட் போய்ப் பதினொன்றரைக்கு வந்தால் வரிசையில் இருந்த எல்லாம் போய்விடலாம். சில இயந்திரங்களில் நினைவகத்தைச் சில மணி நேரம் காக்கும் பேட்டரி இருந்தது. இன்னும் சில, மின்சாரம் திரும்பியதும் எந்தெந்த வேலைகளை இழந்தோம் என்ற பட்டியலைத் தாமாகவே அச்சடித்துக் கொடுத்தன. இழந்ததை மறைக்காமல் சொல்லும் இயந்திரத்தைக் காலையில் நம்பி வேலை தொடங்க முடியும். அதனால்தான் ஃபேக்ஸுக்கும் யு.பி.எஸ். இணைப்புக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இன்றைய பன்முக இயந்திரத்தில் நகல், ஸ்கேன், பிரிண்ட், ஃபேக்ஸ் எல்லாம் ஒன்று. பெரிய மாடல்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மின்சாரம் போனாலும் வரிசை அழியாது. ஆனால் வேலை முடிந்த பிறகும் படம் உள்ளே தங்கிவிடக்கூடும். நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த நகல் இயந்திரங்களை ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் ஒன்று வேறு கைகளுக்குப் போனபோது நோயாளிகளின் விவரங்கள் அப்படியே இருந்தன. 2013-இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டிப் பிரச்சினையை முடித்துக்கொள்ளவேண்டியிருந்தது.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. சாதாரணத் தாளில் அச்சடிக்க இங்க் ஃபிலிம் ரோல் போட்ட ஃபேக்ஸ் இயந்திரங்கள் நம் அலுவலகங்களில் நிறைய இருந்தன. தீர்ந்த ரோலை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், வந்த ஒவ்வொரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும். குப்பைக்கூடையில் போட்ட ரோலில் போட்டி நிறுவனம் படிக்கக்கூடிய விலைப்பட்டியல் இருந்தது. பிடித்துவைக்கும் எந்தக் கருவியும், எப்போது விடும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாகவேண்டும். பழைய இயந்திரத்தை விற்கும்போதும், வாடகை இயந்திரத்தைத் திருப்பும்போதும் டிஸ்க் அழிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது இன்று ஒவ்வோர் அலுவலகத்தின் கடமை.

ஃபேக்ஸ் போனாலும் போகக்கூடாதது

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் 2019 ஜனவரி முதல் புதிய ஃபேக்ஸ் வாங்கக்கூடாது என்று தடை வந்தது. ஜப்பான் 2021-இல் அமைச்சகங்களிலிருந்து ஃபேக்ஸை நீக்க முயன்றபோது உள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. நம் நாட்டில் லெட்டர்ஹெட்டின் ஓரத்தில் ஃபேக்ஸ் எண் இன்னும் அச்சாகிறது. பல இடங்களில் அந்த எண்ணுக்குப் பின்னால் இயந்திரம் இல்லை. இது போவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. திருப்பூரின் அளவுப் பட்டியல் இன்று வண்ணத்தோடு, மங்காமல், நொடியில் போகிறது.

ஆனால் வரிசை போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. மின்னஞ்சலில் 'அனுப்பப்பட்டது' என்ற பெட்டியில் இருப்பது, நம் பக்கத்து சர்வர் ஏற்றுக்கொண்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். மறுபக்கம் சர்வர் படுத்திருந்தால் நாள்கணக்கில் அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். நமக்கு உடனே தெரியாது. வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறி நம் போனிலேயே காத்திருப்பதையும், ஒரு டிக் அவர்கள் சர்வருக்குப் போனதையும், இரண்டு டிக் பெறுபவரின் போனுக்குச் சேர்ந்ததையும் சொல்கின்றன. இது ஃபேக்ஸ் ரிப்போர்ட்டின் வம்சாவளிதான். ஆனால் அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போடும் விவசாயிக்கும், கல்லூரிக்குச் சான்றிதழ் ஏற்றும் மாணவிக்கும் பல நேரம் இந்த அளவுகூடக் கிடைப்பதில்லை. 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி வரும். அது எந்த மேசையின் வரிசையில், எதற்காக நிற்கிறது என்று கேட்க வழியில்லை. தவறு தெரிந்தால் திரும்பப் பெறவும் வழியில்லை.

நான் கேட்பது புதிய தொழில்நுட்பம் அல்ல. ஒரு சிறிய அலுவலக இயந்திரம் 1990-களிலேயே செய்து காட்டியதைத்தான். வாங்கிக்கொண்டதற்கு ஓர் எண். நிலுவையில் இருப்பதன் பட்டியல். போகும்வரை ரத்து செய்யும் உரிமை. போகவில்லையென்றால் ஏன் என்ற ஒரு சொல். சேர்ந்தால் மறுமுனையின் ஒப்புதல். வேலை முடிந்ததும் அழித்துவிடும் ஒழுங்கு. மக்களின் காகிதத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் ஒவ்வொரு துறையும், ஒவ்வொரு வங்கியும், ஒவ்வொரு செயலியும் இந்த ஆறையும் கொடுக்கக் கடமைப்பட்டவை. கையில் தாளோடு நின்று காத்திருந்த காலத்தில், நம் காகிதம் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருந்தது. காத்திருப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தோம் என்பதற்காக, தெரிந்துகொள்ளும் உரிமையையும் சேர்த்து ஒப்படைக்கவேண்டியதில்லை.